படகின் அடியில் ஒட்டிய டேப்

நான் பொய் சொன்ன இடம் தேங்காய்த்திட்டு துறைமுகம். சொன்ன பொய் ஒரு "ம்" மட்டும்தான். பிறகு அதைக் காப்பாற்றுவதற்காக எத்தனையோ சொன்னேன்.

பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டுகள் மின்னணுவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு முத்தியால்பேட்டையில் வீட்டின் முன்னறையைக் கடையாக்கிக்கொண்டு, மீன்பிடிப் படகுகளில் இருக்கும் கருவிகளைப் பழுது பார்த்தும் புதிதாகப் பொருத்தியும் கொடுத்து வந்தேன். துறைமுகத்தில் என்னை 'வாத்தியார் பாய்' என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வரும். அந்த நிமிர்வுதான் பின்னால் என்னைக் கெடுத்தது என்று சொல்லலாம். ஆனால் கெட்டது நான் அல்ல, இன்னொருவர்.

மீன் பார்க்கும் கருவியைத் துறைமுகத்தில் 'எக்கோ' என்பார்கள். படகின் அடிப்பலகையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டு இருக்கும். அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். தரையிலும் மீன் கூட்டத்திலும் பட்டுத் திரும்பி வரும் ஒலியைக் கேட்டு, கேபினில் இருக்கும் திரையில் படமாகக் காட்டும். வட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது. இருந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். இதை நான் எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன்.

அந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு விசைப்படகின் ஓனர் கடைக்கு வந்தார். படகைக் கரையேற்றியிருப்பதாகவும், தண்ணீரில் இறக்குவதற்குள் எக்கோவை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

"கடலூர்க்காரன் படகுல ரெண்டு டிவி இருக்குது பாய். கேபின்ல ஒண்ணு, பின்னாடி வலை சுத்தற வின்ச்சாண்ட ஒண்ணு. டிரைவர் பாக்கறதயே வலை இழுக்கறவனும் பாக்கறான். எனக்கும் அப்படித்தான் வேணும்."

அவருக்காக நான் தேர்ந்தெடுத்தது கொஞ்சம் பெரிய ஏற்பாடு. அடியில் இரண்டு வட்டுகள்: ஒன்று நேர் கீழே பார்க்கும், மற்றது பக்கவாட்டில் பார்க்கும். இரண்டின் கம்பியும் கேபினில் ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாக இரண்டு திரைகளுக்கும் படம் போகும். எந்தத் திரையில் எதைத் தொட்டாலும் மற்றதிலும் மாறும். கையேடு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. சிறு வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இரண்டையும் படித்தேன்; படித்ததை எல்லாரிடமும் சொல்லவும் செய்தேன்.

அந்தப் படகின் டிரைவருக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். துறைமுக முகத்துவாரத்தில் மணல் எப்போது எங்கே ஏறியிருக்கும் என்பது அவருக்குக் கைரேகை மாதிரி. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பழசும் கிடக்கட்டும் பாய். புதுசு மக்கர் பண்ணா பழசுல தரை பாத்துக்கலாம்."

"ரெண்டும் ஒரே நேரத்துல சத்தம் விட்டா ஒண்ண ஒண்ணு கெடுக்கும்பா."

"ஒண்ண ஆஃப் பண்ணி வச்சிக்கறேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் நான் பழையதைக் கழற்றி, அந்தத் துளையை அடைக்கச் சொன்னேன். என் வேலை மக்கர் பண்ணும் என்று ஒருவர் நினைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. பழைய வட்டு இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே உண்மை வெளியே வந்திருக்கும்.

வட்டுகளைப் பொருத்தியபோது அடிக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை பாக்கி இருந்தது. வட்டின் முகத்தில் பெயிண்ட் படக் கூடாது. அதனால் இரண்டையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி, சுற்றிலும் தடிமனான துணி டேப்பை மூன்று சுற்று ஒட்டினேன். படகை இறக்குவதற்கு முன் உறையை எடுத்துவிட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. அந்த வரியைப் பெயிண்ட் அடிப்பவர்களுக்குத் தமிழில் சொன்னேன். பிரெஞ்சில் எப்படி இருக்கிறது என்றும் வாசித்துக் காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள்.

படகை இறக்க வெள்ளிக்கிழமை குறித்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதற்கு முன், படகை இறக்கும் சரிவான ஸ்லிப்வேயில் வேறு படகு இருந்தது. ஆகவே சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு மேல் என்று முடிவாயிற்று. எனக்கும் அது வசதிதான். பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடித்து, ஒன்றரைக்குள் வந்துவிடலாம். காலையில் கேபினில் கம்பிகளை இணைத்துவிட்டுக் கிளம்பும்போது டிரைவர் படகின் அடியில் நின்றிருந்தார்.

"பாய், டேப்ப நான் பிச்சிடவா?"

பெயிண்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. கத்தியால் சுரண்டினால் வட்டின் முகத்தில் கீறல் விழும் என்று பயந்தேன்.

"நீ தொடாத. யாரும் தொடக் கூடாது. நான் வந்து எடுக்கறேன்."

"சரி பாய். நீங்க சொன்னா சரி."

தொழுகை முடிந்து வெளியே வந்து கைப்பேசியை உயிர்ப்பித்தேன். டிரைவரின் அழைப்புகள் இரண்டு இருந்தன. ஸ்லிப்வேயில் அடுத்த படகுக்காரர்கள் அவசரப்படுத்தியதால், ராகு காலம் முடிந்ததும் பூசை போட்டு இறக்கிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது படகு மிதந்துகொண்டிருந்தது. முன்பக்கம் மஞ்சளும் குங்குமமும், கட்டிய எலுமிச்சம்பழங்களும். யாரோ என் வாயில் சர்க்கரைப் பொங்கலைத் திணித்தார்கள். கேபினுக்குள் இழுத்துப் போய், "போடுங்க பாய், போடுங்க" என்றார்கள். போட்டேன். துறைமுகத்தின் ஆழம் இரண்டு பாகம்கூட, அதாவது பன்னிரண்டு அடிகூட, இல்லை. அவ்வளவு அருகில் இருக்கும் தரை உறைக்குள் இருந்தும் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு திரைகளிலும் ஒரே படம். எல்லாரும் கைதட்டினார்கள்.

டிரைவர் மட்டும் என் காதருகே வந்தார். "டேப்ப பள்ளிவாசலுக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்களா பாய்? அவசரத்துல நான் அடில பாக்கல. நான் போன் பண்ணேன், நீங்க எடுக்கல. தொடாதன்னு சொன்னீங்களேன்னு வுட்டுட்டேன்."

நான் "ம்" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். அந்தக் கணத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தண்ணீரில் ஊறினால் பசை விட்டுவிடும், படகு ஓடும் வேகத்தில் இரண்டு நாளில் தானே பிய்ந்து போய்விடும் என்று நினைத்தேன். கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் முன்னால், படகை மறுபடி ஏற்றுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெயிண்ட் அந்த டேப்பின் விளிம்புகளை நன்றாகவே ஒட்டியிருந்தது. அது பிய்ந்து போகவில்லை.

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் நாளே டிரைவர் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்தபடி போன் செய்தார். பத்து பாகம் வரை ஏதோ தெரிகிறது, அதற்கு மேல் திரை முழுக்க வெறும் புள்ளி என்றார். அன்று தொடங்கிய எரிச்சலை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கேபிளின் முனைகளை வெட்டிப் புது இணைப்பான் போட்டேன். டைனமோவிலிருந்து இரைச்சல் வருகிறதோ என்று எர்த் கம்பியை மாற்றினேன். இரண்டு திரைகளுக்கும் நடுவே அதிகாரப் போட்டி வந்து, ஒன்று சொல்வதை மற்றது மறுக்கிறதோ என்று ஒன்றைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பெட்டியையே வேறு ஒன்றாக மாற்றினேன். கம்பெனிக்காரர்களுக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன். அவர்கள் நான் ஏற்கெனவே செய்தவற்றையே செய்யச் சொன்னார்கள்.

மூன்று முறை கடலுக்கும் போனேன். மூன்று முறையும் வாந்தி. பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். வலைக்காரர்கள் இரக்கப்பட்டுக் பாலில்லாத தேநீர் கொடுப்பார்கள்.

"பாய் மீனுக்குச் சோறு போடறாரு. இப்பவாவது வருதா பாரு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்வான்.

சில நேரம் ஒன்றுமே செய்யாமல் படம் தெளிவாக வரும். முப்பது பாகத்தில் தரை கோடு போட்டதுபோல் தெரியும். பத்து நிமிடம் இருக்கும். அதற்கு முன் எதைத் தொட்டேனோ, அதனால்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு போய்விடும். உறைக்குள் தண்ணீர் நிறையும்போது ஒலி கடந்திருக்கிறது. படகு குலுங்கிக் குமிழி சேர்ந்ததும் அடைத்திருக்கிறது. இப்போது இது எனக்குத் தெளிவாகப் புரிகிறது. அப்போது அந்தப் பத்து நிமிடங்களை வைத்துக்கொண்டு, டேப் எப்போதோ போய்விட்டது, கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். ஒருவரிடம் சொன்ன பொய்யை நானே நம்பத் தொடங்கிய பிறகு, என் படிப்பும் கருவிகளும் அந்தப் பொய்க்குத்தான் உழைத்தன.

ஆவணி பிறந்ததும் ஓனர் பொறுமை இழந்தார். ஒரு நாள் காலை படகு துறையில் கட்டியிருந்தது. மீனை இறக்கி முடித்திருந்தார்கள். இறக்கவும் அதிகம் இல்லை. பக்கத்துப் படகுகளில் கூடைகள் போய்க்கொண்டிருந்தன. நான் கேபினில் ஸ்குரூ டிரைவருடன் இருந்தேன்.

"ஒரு டிவி இருந்தப்ப டிரைவர் ஒருத்தன்தான் வெறும் டிவி பாத்தான்" என்றார் ஓனர். "இப்ப ரெண்டு டிவி. படகுல இருக்கற ஏழு பேரும் வெறும் டிவி பாக்கறாங்க. இன்னாதான் பாய் ஆச்சு அதுக்கு?"

நான் பெட்டியின் மூடியைத் திறக்கப் போனபோது டிரைவர் மெதுவாகக் கேட்டார்.

"பாய், கோச்சிக்காதீங்க. அந்த டேப்ப சத்தியமா எடுத்தீங்களா?"

கேபின் வாசலில் வலைக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஓனர் என்னைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் பாடம் நடத்துனவன்கிட்ட டேப் எடுத்தியான்னு கேக்கறான் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"இல்ல பாய், நான் முங்கிப் பாத்துட்டு வந்துடறேன். ரெண்டு நிமிசம்."

சட்டையைக் கழற்றிவிட்டார். பொத்தான்கள் ஏற்கெனவே திறந்துதான் இருந்தன. அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"வேணாம். இங்க தண்ணி பூரா டீசலும் சேறும். ஒண்ணும் தெரியாது. கை பட்டா கம்பெனிக்காரன் வாரண்டி தர மாட்டான்." இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஓனரின் பக்கம் திரும்பி, "முகத்துவாரத்துல மணல்ல ஒரச்சா வட்டு முகம் தேஞ்சிடும். அப்படி ஒரசினா இப்படித்தான் காட்டும். வரப் போக ஜாக்கிரதையா ஓட்டணும்" என்றேன்.

அதற்கு முந்தைய வருடம் ஒருமுறை அந்தப் படகு முகத்துவாரத்து மணலில் தட்டி, அரை நாள் நின்றது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தேன்.

டிரைவர் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார். "இந்த வருசம் தட்டல" என்று மட்டும் சொன்னார். என்னிடம் அல்ல, ஓனரிடம். ஓனர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வார இறுதியில் டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேறு படகில் சேர்ந்துகொள்வார், நல்ல டிரைவருக்குப் படகா இல்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மணலில் தட்டிக் கருவியைக் கெடுத்தவர் என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு ஆகியிருந்தது. முகத்துவாரத்தை அறிந்தவர் என்பதுதான் அவருடைய ஒரே சொத்து. யாரும் கூப்பிடவில்லை. சில மாதம் கழித்து, அவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த தடைக்காலம் வந்தது. படகைக் கரையேற்றினார்கள். அடியில் தொங்கிய பாசிக்குள் நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. மேலே பெயிண்ட், அதன் மேல் சிப்பி. ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மல்லாந்து படுத்து அதைப் பிய்த்தேன். உள்ளே வட்டுகள் பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்த மாதிரியே பளபளத்தன. ஒரு கீறல் இல்லை. பிய்த்ததை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பருவத்தில் இரண்டு திரைகளும் கண்ணாடிபோல் வேலை செய்தன. ஓனர் கடைக்கு வந்து பெரிய வஞ்சிர மீன் ஒன்றைக் கொடுத்தார். "கடைசில உங்க கை வச்சதுக்கு அப்புறம்தான் பாய் சரியாச்சு. புது டிரைவரும் சூதானமா ஓட்டறான்" என்றார். மீனை வாங்கிக்கொண்டேன். வீட்டில் குழம்பு வைத்தார்கள். நான் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். பொய் சொல்வது அப்போது பழகிப்போயிருந்தது.

மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு சேதராப்பட்டுக்குப் பேருந்து ஏறினேன். அவர் நீலச் சட்டையில், வாசல் அறையில் உட்கார்ந்து லாரி எண்களை எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதை என்னை இன்னும் கூசச் செய்தது. பையிலிருந்து காய்ந்த டேப்பை எடுத்து மேசையில் வைத்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டேப்பைத் திருப்பிப் பார்த்தார். சிப்பி ஒட்டியிருந்த பக்கத்தை நகத்தால் சுரண்டினார்.

"எனக்குத் தெரியும் பாய்."

"எப்பத்துலேர்ந்து?"

"முங்க வுடாம கையப் புடிச்சீங்களே, அப்பவே. எடுத்தவரா இருந்தா, போய் பாத்துட்டு வான்னுதான் சொல்லியிருப்பீங்க."

"அப்பவே ஏன் சொல்லல நீங்க?"

அதுவரை நான் அவரை 'நீ' என்றுதான் அழைத்திருக்கிறேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

"யாரு நம்புவா? நீங்க வாத்தியாரு." ஒரு லாரி வந்து நின்றது. எழுந்து போய் எண்ணை எழுதிவிட்டு வந்தார். "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குத் தெரிஞ்ச கதைதானே இது. தெரியாதவங்களாண்ட போய்ச் சொல்லுங்க."

மன்னிப்பு என்ற சொல்லை அங்கே என்னால் எடுக்கவே முடியவில்லை. அவர் டேப்பை என் பையில் திரும்பப் போட்டார்.

முதலில் ஓனரிடம் போனேன். கேட்டு முடித்தவர், "வுடுங்க பாய். அவரு ஒரு வேலைக்குப் போயிட்டாரு. இங்க ஒருத்தன் நல்லா ஓட்டறான். இப்ப கிளறி இன்னா பண்றது? உங்க பேருக்கும் அசிங்கம்" என்றார். என் பேரைப் பற்றி அவர் கவலைப்பட்டது எரிச்சலாக இருந்தது. அந்தப் பேரைக் காப்பாற்றத்தானே இத்தனையும்.

மறுநாள் மதியம் துறைமுகத்தின் வலைக்கூடத்துக்குப் போனேன். இருபது, முப்பது பேர் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று டேப்பைத் தூக்கிக் காட்டினேன். கையேட்டைப் படித்தது, தொடாதே என்றது, "ம்" என்றது, முங்க விடாமல் தடுத்தது, மணல் என்று சொன்னது, எல்லாவற்றையும் வகுப்பில் பேசுவதுபோல் பின் வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். "அந்த வருஷம் அவர் மணல்ல தட்டல" என்பதை இரண்டு முறை சொன்னேன்.

யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து சிரிப்புதான் வந்தது.

"அடப் பாவி பாய். அப்ப வருசம் பூரா நாங்க டேப்பத்தான் டிவில பாத்தமா?"

"ரெண்டு டிவில பாத்தம்டா. டேப்பு படம்."

"இங்கிலீசு டேப்பா, பிரெஞ்சு டேப்பா கேளு."

கூடம் முழுக்கச் சிரித்தது. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சிரித்து முடித்தபின் ஒரு முதியவர் மட்டும் என்னைப் பார்க்காமல், "அந்த ஆளு சேதராப்பட்டுக்கு பஸ் ஏறிப் போறான்" என்று சொல்லி வலையைக் கையில் எடுத்தார். மற்றவர்களும் குனிந்து ஊசியை ஓட்டத் தொடங்கினார்கள்.

அதிலிருந்து துறைமுகத்தில் என் பெயர் 'டேப்பு பாய்'. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

டிரைவரைப் பழைய ஓனர் திரும்ப அழைக்கவில்லை. அடுத்த பருவத்தில் வேறொருவருடைய சின்னப் படகு அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் படகுக்குப் புது எக்கோ வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கூலி வேண்டாம், நான் பொருத்தித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. கடலூரிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பொருத்திக்கொண்டார்கள்.

படகு இறக்கும் நாளில் நான் வேறு வேலையாக ஸ்லிப்வே பக்கம் இருந்தேன். பூசை முடிந்து எல்லாரும் ஒதுங்கியிருந்தார்கள். கடலூர்க்காரர் ஏதோ சொல்லக் கையை உயர்த்தினார். டிரைவர் அதைக் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் அடியில் போய் உட்கார்ந்தார். உறையை ஒரே இழுப்பில் பிய்த்தார். வட்டின் முகத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். எழுந்து வரும்போது எதிரே நான் நிற்பதைப் பார்த்தார். பிய்த்த டேப்பைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, இறக்கச் சொல்லிக் கை காட்டினார்.